பிடியரிசியும் பீடமும்

ஆச்சி வீட்டு அடுப்பங்கரையில் தினமும் இது நடக்கும். உலை கொதிக்கத் தொடங்கியதும் படியில் அரிசி அளந்து சுளகில் கொட்டி, கல் பொறுக்கிப் புடைத்து, களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். வீட்டில் அரிசி தட்டுப்பாடாக இருந்த நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை. "அது கோயிலுக்குள்ளது" என்பாள். சனிக்கிழமை சபையிலிருந்து ஒரு அக்கா ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வருவாள். எல்லாக் கலயமும் அந்தப் பெட்டியில் கவிழும். பல வீட்டு அரிசி, பல நிறம், பல ரகம். அதை அளந்து விற்ற காசு சபைக் கணக்கில் 'பிடியரிசி' என்ற தலைப்பில் வரவாக ஏறும்.

சங்கக் காணிக்கை எழுதிய குடும்பத் தலைவர்களுக்குப் பெயர் உண்டு. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் வாழைத்தாரை உயர்ந்த விலைக்கு எடுத்தவருக்குப் பெயர் உண்டு. பிடியரிசிக்குப் பெயர் கிடையாது. தென்மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அந்த அரிசி எங்கே போனது, கொடுத்தவர்களில் ஒருத்தியையாவது அது பீடத்தண்டை கொண்டுபோய் நிறுத்தியதா என்ற கேள்வியை நம் சபைகள் அதிகம் கேட்டதில்லை. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவ வாசலைத் திறந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. இப்போதாவது அந்தக் கேள்வியை வரவு செலவு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பாளையங்கோட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் முதல் சீர்திருத்தச் சபைக்குப் பணம் போட்டவர் ஒரு பெண். தஞ்சாவூர் மராட்டிய பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர், அவர் வழியாகவே கிறிஸ்தவத்தை அறிந்தவர். அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல், ஞானஸ்நானம் கிடைத்தது. குளோரிந்தா என்று பெயர் வைத்தார்கள். தன் பணத்தைப் போட்டு அவர் கட்டி முடித்த கோயிலை 1785-இல் அதே சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். பாளையங்கோட்டைக்காரர்கள் இன்றைக்கும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். 1780-ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் குளோரிந்தா.

சாதி விலக்கி வைத்த பெண், திருச்சபையும் வாசலில் காக்க வைத்த பெண். அந்தப் பெண்ணின் காசில் எழுந்த சுவருக்குள் இருந்துதான் ஒரு பெரிய திருமண்டலத்தின் வரலாறு தொடங்குகிறது. நான் அந்தக் கோயிலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொண்டே உள்ளே நுழைகிறேன்.

அதே ஊரில் இன்னொரு பெண்ணின் பெயர் கல்லூரி வாசலில் இருக்கிறது. சாராள் தக்கர் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. சென்னையில் மிஷன் செயலராக இருந்த ஜான் தக்கரின் சகோதரி, உடல் ஊனமுற்றவர். இங்கிலாந்தில் ஓர் அறையில் இருந்துகொண்டு, சகோதரரின் கடிதங்கள் வழியாகத் திருநெல்வேலிப் பெண்பிள்ளைகளின் நிலையை அறிந்து அவர்களுடைய படிப்புக்காக எழுதினார், நிதி சேர்த்தார். அவருடைய தோழிகள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது வளர்ந்து, 1895-இல் தென்னிந்தியாவின் முதல் பெண்கள் கல்லூரி ஆனது.

நாகர்கோவிலில் பணம் நூல் வடிவத்தில் வந்தது. 1820-களில் மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகள் விடுதியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானம் பெண்கள் பள்ளியைத் தாங்கியது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்த காலம் அது. லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கிய பெண்களும் அவர்களில் இருந்தார்கள். நன்கொடை வேறு, சம்பாத்தியம் வேறு என்பதை அந்தப் பிள்ளைகள் விரல் நுனியில் அறிந்திருப்பார்கள்.

அடுத்து வந்தவர்கள் 'பைபிள் உமன்' என்று ஊரார் அழைத்த பெண் ஊழியர்கள். பெரும்பாலும் விதவைகள், கைவிடப்பட்டவர்கள். வெள்ளைச் சேலை, கையில் துணிப்பை, பைக்குள் வேதப் புத்தகமும் அரிச்சுவடியும். ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீடுகளின் பின்கட்டுவரை போய் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய சம்பளம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்ச் சபையோ பெண்கள் குழுவோ ஒருவருடைய ஆண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு அந்த ஊழியரைப் பற்றிய கடிதம் இங்கிருந்து போகும். மிஷன்கள் ஊர் திரும்பிய பிறகு அந்த வாய்க்கால் வற்றியது. கோயில்களையும் பள்ளிகளையும் நிலங்களையும் நாம் சுதந்தரித்துக்கொண்டோம். பெண் ஊழியர்களின் சம்பளப் பொறுப்பை அதே உற்சாகத்தோடு ஏற்கவில்லை. ஆண் உபதேசியார் பணிக்குச் சம்பளப் பட்டியலில் உறுதியான இடம் கிடைத்தது. பெண் ஊழியர் பணி 'ஆள் கிடைத்தால், பணம் இருந்தால்' என்ற இடத்துக்குத் தள்ளப்பட்டது.

பணம் யாருடையது என்பதைப் போலவே அதன் சாவி யார் கையில் என்பதும் முக்கியம். இதற்கு நம்மைத் தொட்ட ஓர் அமெரிக்கக் கதை உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியும், 1915-இல் பல மிஷன் சங்கங்கள் கூடிச் சென்னையில் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் வளர்ந்ததில் அமெரிக்கச் சபைப் பெண்களின் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பெண்களின் தலைவிகளான லூசி பீபாடியும் ஹெலன் பாரெட் மான்ட்கோமரியும் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக நிதி திரட்டக் கிளம்பினார்கள். பெண்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் தாங்கள் 10 லட்சம் தருவதாக லாரா ஸ்பெல்மன் ராக்ஃபெல்லர் நினைவு நிதி சொன்னது. ஊர் ஊராக, சபை சபையாகப் பெண்கள் டாலர் டாலராகச் சேர்த்து 1923-க்குள் அந்த இலக்கை எட்டினார்கள். வேலூரும் சென்னையும் லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரியும் அந்த ஏழில் அடக்கம்.

அதே 1923-இல்தான் அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபை நிர்வாகச் சீரமைப்பு என்று சொல்லி, பெண்கள் அரை நூற்றாண்டாகத் தாங்களே நடத்திவந்த மிஷன் வாரியங்களைப் பொது வாரியங்களோடு இணைத்தது. நிதியும் சொத்தும் பொதுவில் போயின. முடிவெடுத்த மன்றத்தில் பெண்களுக்கு வாக்கு இல்லை. உறுப்பினராகக்கூட அவர்கள் இருக்க முடியாத மன்றம் அது. சபைப் பெண்களின் மனக்கசப்பு பெருகியது. அதன் காரணங்களை ஆராய்ந்து எழுதும் பொறுப்பு காதரின் பென்னெட், மார்கரெட் ஹாஜ் என்ற இரு தலைவிகளுக்கு வந்தது. 1927-இல் அவர்கள் கொடுத்த அறிக்கை பணத்தையும் அதிகாரத்தையும் சேர்த்தே பேசியது. 1930-இல் பெண்கள் மூப்பர் ஆகலாம் என்று அந்தச் சபை முடிவெடுத்தது. முதல் பெண் போதகர் மார்கரெட் டவுனர் அபிஷேகம் பெற இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. பெண்கள் தனியாகச் சங்கம் வைத்திருப்பது எதற்கு, எல்லாம் ஒரே சபைதானே என்று நம் ஊர்க் கூட்டங்களில் யாராவது இனிமையாகப் பேசும்போது எனக்கு 1923 நினைவுக்கு வரும். பெட்டியை ஒன்றாக்குவது நல்லதுதான். முதலில் மேசையைச் சுற்றியுள்ள நாற்காலிகளை ஒன்றாக்க வேண்டும்.

டவுனர் அபிஷேகம் பெற்ற அதே 1956-இல் இந்தியாவைச் சேர்ந்த சாந்தி சாலமோன் ஆசியச் சபைப் பெண்களைச் சந்திக்கும் குழு ஒன்றில் பயணம் செய்துகொண்டிருந்தார். கொரியாவுக்குள் நுழைய அவருக்கு விசா கிடைக்கவில்லை. மற்றவர்கள் போய்விட்டார்கள். அவர் பிலிப்பைன்ஸில் தங்கிவிட்டார். எல்லை மனிதரைத் தடுக்கலாம், ஜெபத்தைத் தடுக்க முடியுமா என்ற எண்ணம் அந்தக் காத்திருப்பில்தான் உருவானது. மற்றவர்களுக்காக ஜெபிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தந்த நாட்டின் மிகச் சிறிய காசு ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். பணக்காரியும் அதே காசு, கூலிக்காரியும் அதே காசு. இதுதான் உலகம் முழுவதும் பரவிய 'சிறு காசு ஐக்கியம்'. ஆச்சியின் கலயத்துக்கும் இதற்கும் உறவு இருக்கிறது. பிடி சிறிதாக இருப்பதால் யாரும் விலக்கப்படுவதில்லை. சாந்தி சாலமோனின் திட்டத்தில் கூடுதலாக ஒன்று இருந்தது. சேர்ந்த காசு எங்கே போக வேண்டும் என்பதையும் பெண்களே கூடி முடிவு செய்தார்கள்.

கலயத்தின் இன்னொரு உறவு மிசோரமில் இருக்கிறது. 'புஃபை தம்' என்று அவர்கள் மொழியில் சொல்லும் பிடியரிசிக் காணிக்கையை அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் பெண்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்துவருகிறார்கள். இன்று அது கோடிகளில் எண்ணப்படும் வருமானம். மிஷனெரிகளை அனுப்புவது அந்த அரிசி. பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையோ அந்த சினாட்டின் முன் பலமுறை வந்து பலமுறை தள்ளப்பட்டது.

நம் கதை அதைவிட நல்ல கதை. அதனால்தான் ஆதங்கம் கூடுகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, 1976-இல் எலிசபெத் பால் அம்மையாருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. இங்கிலாந்துத் திருச்சபை தன் முதல் பெண் குருக்களை அபிஷேகம் செய்தது 1994-இல். நமக்கு ஆராதனை முறையைக் கொடுத்த தாய்ச்சபையைவிடப் பதினெட்டு ஆண்டுகள் முந்திக்கொண்டோம். 2013 செப்டம்பரில் எக்கோணி புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்தில் லிபி லேன் முதல் பெண் பேராயரானது 2015 ஜனவரியில். தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்க் கால்வைத்த முந்நூறாவது ஆண்டான 2006-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது.

ஆக, தீர்மானத்தில் நாம் பின்தங்கவில்லை. தீர்மானம் போட்ட அன்றே அதற்கான தொகையை ஒதுக்காததுதான் குறை.

குருவானவர் ஆகும் வழியைப் பாருங்கள். பட்டப்படிப்பு முடித்த ஒருவர் தன் சேகரத்தின் பரிந்துரையோடு விண்ணப்பிக்க வேண்டும். திருமண்டலக் குழு நேர்காணல் செய்யும். தேர்வானால் திருமண்டலமே அவரை மதுரை அரசரடிக்கோ, பெங்களூருக்கோ, சென்னை குருகுலத்துக்கோ பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்க அனுப்பும். இதை எல்லாரும் 'ஸ்பான்சர்ஷிப்' என்றே சொல்வார்கள். படிப்புச் செலவு மட்டும் அதில் அடங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பான்சர் ஆனவருக்குத் திரும்பி வந்ததும் பணியிடம் இருக்கிறது, பயிற்சிக் காலம் இருக்கிறது, உதவி குரு, பிறகு குரு என்று படிக்கட்டு இருக்கிறது. ஸ்பான்சர் இல்லாமல் சொந்தச் செலவில் படித்தவருக்குப் பட்டம் உண்டு, படிக்கட்டு கிடையாது. பெண்களுக்குக் குருத்துவம் மறுக்கப்படவில்லை என்று எந்தத் திருமண்டலமும் மனசாட்சியோடு சொல்லலாம். எத்தனை பெண்களை ஸ்பான்சர் செய்து அனுப்பினீர்கள் என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

சொந்தக் காசில் படித்த பெண்களை நான் அறிவேன். ஒருத்தியின் தகப்பனார் மாட்டை விற்றார். இன்னொருத்தி விடுமுறையில் ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே தங்கி டியூஷன் எடுத்தாள். எபிரேயமும் கிரேக்கமும் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தவர்கள். இன்று ஒருத்தி பள்ளி விடுதியில் வார்டன், ஒருத்தி தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். இன்னொருத்தி ஒரு குருவானவரை மணந்து குருமனைக்குப் போய்விட்டாள். கணவனும் மனைவியும் ஒரே பட்டம் பெற்றவர்கள். அவர் வாராவாரம் பிரசங்கம் செய்கிறார், அவள் பெண்கள் ஞாயிறன்று செய்கிறாள். ஆண்டில் ஒரு ஞாயிறு.

குருமனையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. எங்கள் பக்கத்தில் குருவானவரை 'ஐயர்' என்போம், அவர் மனைவியை 'ஐயரம்மா' என்போம். ஐயருக்கு நியமன ஆணை உண்டு, ஊதியம் உண்டு, ஓய்வு பெறும் நாள் உண்டு. ஐயரம்மாவுக்கு எதுவும் இல்லாமல் எல்லா வேலையும் உண்டு. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி அவள்தான். பிரசவ வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் முதலில் போகிறவள் அவள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஐயரிடம் சொல்ல முடியாத பெண்கள் இரவில் வந்து உட்காருவது அவள் அடுப்படியில். திருமண்டல அளவிலும் பேராயரின் மனைவியே பெண்கள் சங்கத்துக்குத் தலைவியாக இருப்பது நெடுநாள் வழக்கம். இதை எல்லாம் மனமுவந்து செய்த ஐயரம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் மடியில் வளர்ந்திருக்கிறேன். அவர்களுடைய அன்பைப் பணத்தால் அளக்கச் சொல்லவில்லை. ஆனால் சபையின் பாதிப்பேருக்கான மேய்ப்புப் பணி, கணவர் பெற்ற நியமனத்தின் இலவச இணைப்பாகவே இத்தனை காலமும் நடந்திருக்கிறது. தலைமை திருமணத்தால் வருகிறது, கணவரின் இடமாறுதலோடு போகிறது. சங்கத்தில் முப்பது ஆண்டு உழைத்த பீடிசுற்றும் அக்காவுக்கு அந்த நாற்காலி கிடைப்பதே இல்லை.

பெண்ணே குருவானவராக வந்த சேகரங்களில் இந்த ஏற்பாடு திக்குமுக்காடுகிறது. அவளை என்னவென்று அழைப்பது? ஐயர் என்றால் பெண்ணுக்குப் பொருந்தாது என்கிறார்கள், ஐயரம்மா என்றால் மனைவி என்று ஆகிவிடும். அவளுடைய கணவருக்கு என்ன பெயர்? பெண்கள் சங்கத் தலைவி யார்? குருமனையில் யார் சமைப்பது, நள்ளிரவில் மரண வீட்டுக்கு அவளை யார் அழைத்துப் போவது? கேள்விகள் சிறியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பணத்தில் ஒரு பதில் இருக்கிறது. மூன்று கிளைச் சபைகள் உள்ள கிராமச் சேகரத்தில் அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். சுற்றுச்சுவரும் நல்ல கழிப்பறையும் உள்ள வீடு வேண்டும். பேறுகால விடுப்பில் அவள் போகும்போது ஆராதனை நடத்த வருபவருக்குப் படி கொடுக்க ஒரு நிதி வேண்டும். அந்த நிதி இல்லாத இடத்தில் 'பெண்ணைப் போட்டால் இப்படித்தான்' என்ற பேச்சு வருகிறது. அந்தப் பேச்சை நிறுத்துவதற்குப் பிரசங்கம் போதாது, பட்ஜெட்டில் ஒரு வரி போதும்.

சேகரங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைத் திருமண்டலத்துக்குச் செலுத்துகின்றன. குருமாரின் ஊதியம் பொதுநிதியிலிருந்து வருகிறது. ஆகவே பெண் குருவைத் தாங்குவது ஓர் ஏழைச் சேகரத்தின் தனிச்சுமை என்று யாரும் சொல்ல முடியாது. வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அனுப்பும் பி.டி. மாணவர்களில் இத்தனை பேர் பெண்கள் என்று பெருமன்றம் எண் குறித்துத் தீர்மானிக்கலாம். சொந்தச் செலவில் படித்து வெளியே நிற்கும் பெண்களை மறுபடி அழைத்துப் பேசலாம். பெண்கள் சங்கப் பொருளாளருக்குத் திருமண்டல நிதிக்குழுவில் வாக்குள்ள இடம் கொடுக்கலாம். பெண் ஊழியர் பணியைச் சம்பளப் பட்டியலில் நிரந்தரமாக ஏற்றலாம். இதற்கெல்லாம் வெளிநாட்டுப் பணம் தேவையில்லை. பெண்கள் ஞாயிறன்று கொடுக்கும் பொன்னாடைகளை ஐந்தாண்டு நிறுத்தினால்கூட ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணத்துக்கு ஆகும்.

பெண்கள் தலைமையை விசுவாசக் காரணத்துக்காகவே ஏற்காதவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். பவுலின் நிருபங்களை எடுத்துக்காட்டுவார்கள். அவர்களோடு எனக்கு வாதம் உண்டு. ஆனால் அந்த வாதத்தைத் திருச்சபை 1976-இலேயே பேசி முடித்துவிட்டது. இன்று தடையாக நிற்பது பெரும்பாலும் வேத வசனம் இல்லை. 'பார்க்கலாம்', 'அடுத்த ஆண்டு', 'நிதி நிலைமை சரியில்லை' என்ற மூன்று சொற்றொடர்கள்தான்.

போன ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஆச்சி ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சி இல்லை. கலயமும் இல்லை. பெண்கள் சங்கத்தார் போட்ட அதிரசக் கடை மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிட்டது. மறுவாரம் சபைக் கூட்டம். செயலர் வரவு செலவை வாசித்தார். பெண்கள் சங்கக் கடை, பெண்கள் சங்கச் சீட்டு, பெண்கள் ஞாயிறு காணிக்கை, பிடியரிசிக்குப் பதிலாக இப்போது வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கும் உண்டியல் என்று வரவில் நான்கு இடங்களில் பெண்கள் வந்தார்கள். செலவில் ஒரே ஓர் இடம்: பெண்கள் சங்கக் கூட்டத்துக்குத் தேநீர்.

வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒரு சித்தி எழுந்தார். அந்தக் கூட்டத்தில் அதுவரை அவர் பேசி நான் கேட்டதில்லை. "ஐயா, ஒரு விஷயம். நம்ம கோயில் பிள்ள ஒண்ணு டிகிரி முடிச்சிட்டு ஊழியத்துக்குப் படிக்கணும்னு ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கு. திருமண்டலம் அனுப்பலைன்னா நம்ம உண்டியல் காசுல நம்ம அனுப்புனா என்ன?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். பிறகு இன்னும் நாலு பேர். செயலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார்.